எதிர்காற்றில் 11 கிலோமீட்டர்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ராஜபாளையம் 11 கிலோமீட்டர் சொச்சம். பஸ்ஸில் ஏறி, டிக்கெட் வாங்கி, மீதிச் சில்லறையை எண்ணி முடிப்பதற்குள் மடவார்வளாகம் பின்னால் போய்விடும். சைக்கிளில் போகிறவருக்குத்தான் அந்தத் தூரம் முழுசாகத் தெரியும். சாலை தென்மேற்காகப் போவது தெரியும். வலது கைப்பக்கம் மலை கூடவே வருவது தெரியும். ஆடி மாதத்தில் அந்த மலையைத் தாண்டி இறங்கும் காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளுவதும் தெரியும்.

பாடப்புத்தகம் மிதிவண்டி என்கிறது. இலங்கையில் துவிச்சக்கர வண்டி என்று எழுதுவார்கள். கடைவாசலில் அது சைக்கிள்தான். இசையையும் சிற்பத்தையும் எடைபோடுவதுபோல இதை யாரும் எடைபோட்டுப் பேசுவதில்லை. ஆனால் இரண்டு பக்கமும் பால் கேன் தொங்க, பஸ்ஸுக்கும் ஆட்டோவுக்கும் நடுவே கால் தரையில் படாமல் வண்டியை நகர்த்திப் போகிறவரைப் பார்த்தவர்கள் இதைக் கலை என்று ஒப்புக்கொள்வார்கள். 1980-இல் டி.வி.எஸ். 50 வந்த பிறகு அந்தக் கேன்கள் மெல்ல மெல்ல மொபெட்டுக்கு மாறின. மாறாமல் நின்றவர்கள் சிலர் இன்னும் அதிகாலையில் தென்படுகிறார்கள்.

இந்தக் கலையில் முதல் கேள்வி, எந்த வண்டி என்பது. மலையடிவாரத்தை ஒட்டிய இந்தச் சாலையில் மூச்சு வாங்கும் ஏற்றம் என்று எதுவும் இல்லை. இதற்கு 21 கியர் தேவையா? பழைய கறுப்பு பார் வண்டியில் பெரும்பாலும் முன்னால் 44 பல், பின்னால் ஃபிரீவீலில் 18 பல். பெடல் ஒரு முழுச்சுற்று சுற்றினால் வண்டி ஏறத்தாழ ஐந்தரை மீட்டர் நகரும். அலட்டிக்கொள்ளாமல் நிமிஷத்துக்கு 48 சுற்று மிதித்தால்கூட முக்கால் மணி நேரத்துக்குள் ராஜபாளையம் வந்துவிடும். 28 அங்குலச் சக்கரம் சின்னப் பள்ளங்களை விழுங்கிவிடும். செயின் கவர் இருப்பதால் வேட்டியும் சுடிதாரும் பிழைக்கும். மட்கார்டு மழைச்சேற்றைத் தடுக்கும், கேரியர் அரிசி மூட்டையைச் சுமக்கும்.

இப்போது கடையில் முன்வரிசையில் நிற்கும் வண்டிகளைப் பாருங்கள். தடித்த டயர், முன்னால் ஸ்பிரிங், டிஸ்க் பிரேக். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, விளக்கும் இல்லை, பல வண்டிகளில் மணிகூட இல்லை. மலையில் ஓட்டச் செய்ததைத் தெருவில் ஓட்டுகிறார்கள். தார்ச்சாலையில் அந்த முரட்டு டயர் மிதிப்பவரின் பலத்தைத் தின்கிறது, மலிவான ஸ்பிரிங் மிச்சத்தைத் தின்கிறது. தினசரி வேலைக்கு இது அலங்காரம்தான் என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

எது ஏற்ற வண்டி என்பதை ஓட்டுகிறவரின் நாள்தான் முடிவு செய்கிறது. புதுக்கோட்டையில் 1990-களின் தொடக்கத்தில் எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் பெண்களுக்குச் சைக்கிளும் கற்றுக்கொடுத்தது. ஷீலா ராணி சுங்கத் அப்போது அங்கே கலெக்டர். 1992 மகளிர் தினத்தன்று 1,500-க்கும் மேற்பட்ட பெண்கள் நகரத்துக்குள் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். பத்திரிகையாளர் பி. சாய்நாத் அதைப் பற்றி எழுதியபோது ஒரு சின்ன விஷயத்தையும் கவனித்தார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்ததால் பெண்கள் ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். ஆனால் சிலர் தட்டுப்பாட்டுக்காக வாங்கவில்லை, விரும்பியே வாங்கினார்கள். குறுக்கே ஓடும் அந்த பாரில் குழந்தையை உட்கார வைத்துக்கொள்ளலாமே! வண்டியை வடிவமைத்தவர்களுக்குத் தோன்றாத கணக்கு அது.

தமிழ்நாட்டு அரசு 2001-இல் பிளஸ் ஒன் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. பிறகு அது மற்ற மாணவ மாணவியருக்கும் விரிந்தது. பீகார் 2006-இல் ஒன்பதாம் வகுப்பு மாணவிகளுக்காக இதேபோல் ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதை ஆராய்ந்த கார்த்திக் முரளிதரனும் நிஷித் பிரகாஷும் உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் அளவு 32 விழுக்காடு கூடியதாகக் கண்டார்கள். பள்ளி 3 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். சேத்தூர், முகவூர், தளவாய்புரம் பக்கத்துப் பெற்றோருக்கு இதை விளக்க ஆய்வு தேவைப்படாது.

ஒரு குறையும் உண்டு. வண்டி கைக்கு வந்த நாளில் சீட் எந்த உயரத்தில் இருந்ததோ, பிளஸ் டூ முடியும்வரை அதே உயரத்திலேயே பலர் ஓட்டுகிறார்கள். இரண்டு பாதமும் தரையில் ஊன்ற வேண்டும் என்ற பயத்தில் சீட்டை அமுக்கி வைப்பவர்கள் அதைவிட அதிகம். பெடல் அடியில் இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நேராக நீள வேண்டும். அதுதான் அளவு. ஒரு ஸ்பேனரும் இரண்டு நிமிஷமும் போதும். செய்யாவிட்டால் முழங்கால் வட்டி கேட்கும்.

பிரேக் விஷயத்தில் இன்னொரு பழைய பயம். முன்பிரேக் பிடித்தால் தூக்கி எறிந்துவிடும் என்று சொல்லிச் சொல்லியே வளர்க்கிறார்கள். பிரேக் பிடித்ததும் எடை முன்சக்கரத்துக்குப் போய்விடுவதால், வண்டியை நிறுத்தும் பலம் அங்கேதான் இருக்கிறது. பின்பிரேக்கை மட்டும் நம்பினால் சக்கரம் உரசிக்கொண்டே போகும். இரண்டையும் சேர்த்து, படிப்படியாக அழுத்த வேண்டும். மழை வேறு கதை. பளபளக்கும் இரும்பு ரிம் நனைந்துவிட்டால் பிரேக் கட்டை வழுக்கும். வழக்கமாக நிற்கும் தூரத்தைப்போலப் பல மடங்கு தேவைப்படும். தூறல் விழுந்ததுமே லேசாகப் பிரேக்கை உரசவிட்டு ரிம்மைத் துடைத்துக்கொண்டே போகிறவர் அனுபவஸ்தர்.

இவற்றையெல்லாம்விட நுட்பமானது, சாலையில் எந்த இடத்தில் போவது என்பது. பின்னால் ஹாரன் அடித்ததும் தாரை விட்டு மண்ணில் இறங்குவது நம் ஊர்ப் பழக்கம். இறங்குவதில் ஆபத்து குறைவு, திரும்ப ஏறும்போதுதான் விபத்து. தார் விளிம்பு இரண்டு மூன்று அங்குலம் உயர்ந்திருக்கும். அதை ஒட்டியே ஓட்டி மெதுவாக ஏறப் பார்த்தால் முன்சக்கரம் விளிம்பில் உரசிச் சாய்ந்து, ஆளைச் சாலையின் நடுவிலேயே தள்ளிவிடும். நின்று, பின்னால் பார்த்து, குறுக்காகத் திருப்பி ஏற வேண்டும். ரயில்வே கேட்டிலும் அப்படித்தான், தண்டவாளத்தை நேர்குறுக்காகக் கடக்காவிட்டால் சக்கரம் இடுக்கில் மாட்டும். முதலிலேயே விளிம்பிலிருந்து ஒன்றரை இரண்டு அடி உள்ளே, கோடு போட்டதுபோல நேராகப் போகிறவர் தெளிவாகத் தெரிவார். நிற்கும் கார்களுக்கு நடுவே நுழைந்து நுழைந்து வெளியே வருகிறவரைப் பின்னால் வரும் டிரைவரால் கணிக்க முடியாது.

இருட்டில் ஓட்டுவது தனிப்பாடம். ராஜபாளையத்தில் மில்கள் மூன்று ஷிப்ட் ஓடுகின்றன, வேலைநேரம் சூரியனைக் கேட்டு வைப்பதில்லை. ஒரு காலத்தில் விளக்கு இல்லாமல் வந்தாலும் டபுள்ஸ் வந்தாலும் போலீஸ் பிடிக்கும். டைனமோ டயரில் உரசி முனகிக்கொண்டே வெளிச்சம் தரும், நின்றால் அணைந்துவிடும். இப்போது பேட்டரி விளக்கு மலிவு, விளக்கு எங்கே என்று கேட்கத்தான் ஆளில்லை. பெடலில் இருக்கும் மஞ்சள் ரிஃப்ளெக்டரைச் சிலர் அழகுக் குறைவென்று கழற்றிவிடுகிறார்கள். மேலும் கீழும் ஏறி இறங்கும் அந்த இரண்டு பொட்டு வெளிச்சத்தைப் பார்த்த கணமே லாரி டிரைவருக்கு முன்னால் ஒரு மனிதர் மிதித்துக்கொண்டு போகிறார் என்று புரிந்துவிடும். ஹெல்மெட் சட்டப்படி கட்டாயமில்லை, தலைக்காயத்தைக் குறைக்கும் என்பதால் போட்டுக்கொள்வது நல்லது.

ஆனால் எல்லாப் பொறுப்பையும் மிதிப்பவர் தலையில் கட்டுவது நியாயமில்லை. 2022-இல் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். 30 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டியைவிட 60-இல் வரும் அதே வண்டியின் மோதும் ஆற்றல் நான்கு மடங்கு. நெதர்லாந்தில் 1971-இல் சுமார் 3,300 பேர் சாலையில் செத்தார்கள், அதில் 400-க்கும் மேல் குழந்தைகள். பெற்றோர் தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதன் பிறகுதான் தனிப்பாதைகளும் வேகக் குறைப்பும் வந்தன. இன்று அங்கே பெரும்பாலோர் ஹெல்மெட் இல்லாமலே நிம்மதியாக மிதிக்கிறார்கள். நடப்பவரும் வண்டியும் கலக்கும் இடங்களில் 30 கிலோமீட்டருக்கு மேல் கூடாது என்று 2020-இல் ஸ்டாக்ஹோம் உலக மாநாடும் கேட்டுக்கொண்டது. ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் நெரிசலில் அந்த வேகம் தானாகவே அமைந்துவிடுகிறது. ஊர் எல்லை தாண்டியதும் நெடுஞ்சாலையில் எல்லாரும் அதை மறந்துவிடுகிறார்கள். அங்கே ஆறடி அகலத்துக்கு மண்ணை இறுக்கித் தாருக்குச் சமமாக்கிவிட்டாலே பாதி விழுதல் நின்றுபோகும்.

அதுவரை, வேலை முடிந்து ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் திரும்புகிறவருக்கு ஒரு சலுகை இருக்கிறது. காலையில் நெஞ்சில் தள்ளிய ஆடிக்காற்று சாயங்காலம் முதுகைத் தள்ளும், கண்ணைக் கூசவைக்கும் மேற்கு வெயிலும் முதுகுப் பக்கமே விழும். ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் கண்ணில் படும்போது பெடலை மிதிக்காமலே வண்டி கொஞ்ச தூரம் உருளும்.