கன்றின்மேல் ஏற்றிய பாவம்

நீலகிரிச் சீமையில் வாழும் படகரின் ஹட்டி எனப்படும் ஊர்களில், ஈமக் கிரியையின்போது பெரியவர் ஒருவர், எல்லைக்கல்லை நகர்த்தியது, சகோதரரைப் பிரித்தது என்று மாண்டவர் செய்திருக்கக்கூடிய பாவங்களை ஒவ்வொன்றாய்ச் சொல்ல, சூழ நிற்போர் 'அது பாவம்' என்று மறுமொழி கூற, அச்சுமை முழுவதையும் ஒரு கன்றின்மேல் ஏற்றி அதை விரட்டிவிடும் சடங்கைப் பத்தொன்பதாம் நூற்றாண்டு நூல்கள் விவரிக்கின்றன. லேவியராகமம் பதினாறாம் அதிகாரத்தில் இஸ்ரவேலரின் அக்கிரமங்களைச் சுமந்து வனாந்தரம் போகும் போக்காட்டை இது நினைவூட்டுகிறது. தேசமும் பாஷையும் வேறாயினும் மனித இருதயத்தின் தாபம் ஒன்றே அல்லவா!

1846இல் நீலகிரியின் கேத்தியில் ஊழியம் தொடங்கிய பாசல் மிஷனார் படகருக்குச் சொன்ன செய்தியோ, குற்றம் செய்தவன் தேடிப் போகுமுன்னரே குற்றத்தால் புண்பட்ட தேவன் கிறிஸ்துவுக்குள் தாமே முன்வந்து, அக்குற்றங்களை எண்ணாமல், உலகத்தைத் தம்மோடு ஒப்புரவாக்கினார் என்பது. பவுல் கொரிந்தியருக்கு எழுதிய இரண்டாம் நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்தில் உள்ள இச்செய்தியில், வழக்குத் தொடுக்க வேண்டியவரே சமாதானத் தூதர்களை அனுப்புகிறார். என் மனத்தை மிகவும் உருக்குவது இதுவே.

இச்செய்தியைக் கதையாகவும் சொல்லும் லூக்கா சுவிசேஷம் 1890இல் படகர் மொழியில், கன்னட எழுத்தில் அச்சாயிற்று. கெட்டுப்போன இளைய குமாரனை எதிர்கொண்டு ஓடிய தகப்பன், கோபித்துக்கொண்டு உள்ளே வர மறுத்த மூத்தவனையும் வெளியே போய் வருந்தியழைக்கும் கதை அதில்தான் இருக்கிறது.