பேணிக் கடலையும் பானைக் கடலையும்



சுவை என்று சொன்னவுடன், தமிழாசிரியன் ஒருவன் தொல்காப்பியத்து மெய்ப்பாட்டியலுக்குப் போய் எட்டுச் சுவைகளையும் எண்ணத் தொடங்கிவிடுவான் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கக்கூடும். இன்று நான் அங்கே போகப் போவதில்லை. நான் பேச எடுத்துக்கொண்டது நாவினால் அறியும் சுவை. அதிலும் கடலையின் சுவை. நம் நாட்டில் நாம் கடலை என்பது தமிழ்நாட்டாரின் கொண்டைக்கடலை. அவர்கள் நிலக்கடலை என்பது நமக்குக் கச்சான். வள்ளுவர் கேள்வி அதிகாரத்திலே செவிக்குரிய உணவை முன்வைத்து, வயிற்றுக்குரியதைப் பின்னே தள்ளிவிட்டார். வயிற்றுக்குரியதையே செவிக்குத் தர முற்படும் என்னை அவர் பொறுத்தருள வேண்டும்.

இந்தப் பேச்சுக்குக் காரணமானவள் என் தங்கை. இலண்டனில் வசிக்கின்றாள். சில வருடங்களுக்கு முன்னர் ஒரு நவராத்திரிக் காலத்தில் தொலைபேசியில் அழைத்தாள்.

"அண்ணா, அம்மாட்டை ஒருக்காக் கேட்டுச் சொல்லுங்கோ. பேணிக் கடலையைச் சரஸ்வதிக்குப் படைக்கலாமோ? விடிய வேலைக்குப் போய் இரவுதான் வாறன். ஊறப்போட மறந்து போனன்."

அம்மா பக்கத்திலேதான் இருந்தார். அவரிடம் நேரே கேட்க அவளுக்குப் பயம். அம்மா வாய் திறக்கவில்லை. எழுந்து குசினிக்குள் போய்விட்டார். ஆசிரியத் தொழிலில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. கேள்வி யாருக்கென்றாலும் விடை சொல்ல நாங்கள் முந்திக்கொள்வோம். நானும் விரிவுரை தொடங்கினேன். பேணிக்குள் கிடப்பது பழையது, தகரவாடை வீசுவது, யாரோ யந்திரத்தில் அவித்தது, அதைப் படைப்பது முறையாகாது என்றெல்லாம் சொன்னேன். அவள் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்கள் அதைச் சாப்பிட்டுப் பார்த்தனீங்களோ?" என்றாள்.

நான் சாப்பிட்டதே இல்லை.

பேணி என்ற சொல்லைப் பற்றி இவ்விடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். மூக்குப்பேணியில் தேநீர் குடித்த தலைமுறை நம்மிடையே இன்னும் இருக்கின்றது. அதே சொல்லைத்தான் பால்பேணி, மீன்பேணி என்று தகரத்தில் அடைத்து வருவனவற்றுக்கும் இட்டுக்கொண்டோம். பேணு என்னும் வினையிலிருந்து வரும் எச்சமும் பேணி என்றே ஒலிக்கும். காத்து, கெடாமல் வைத்திருந்து என்று அதற்குப் பொருள். இரண்டும் ஒரே வேரிலிருந்து வந்தவை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் உணவைக் கெடாமல் காக்கும் கொள்கலத்துக்கு இதைவிடப் பொருத்தமான பெயரைக் கலைச்சொல்லாக்கக் குழுவொன்று கூடியிருந்தாலும் கண்டுபிடித்திராது.

தங்கையின் கேள்வி என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. அடுத்த முறை கொழும்புக்குப் போனபோது பெரிய கடையொன்றில் கடலைப்பேணி ஒன்று வாங்கினேன். அந்தக் காசுக்கு உலர்ந்த கடலை கிலோக்கணக்கில் வாங்கியிருக்கலாம். வீட்டிலே ஒரு பிடி கடலையை இரவே ஊறப்போட்டு, காலையில் உப்பும் ஒரு துளி மஞ்சளும் இட்டு அவித்தேன். தாளிக்காமல் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சாப்பிட்டுப் பார்த்தேன்.

வேறுபாடு உண்மையாகவே இருந்தது. பேணியைத் திறந்ததும் கொழகொழத்த நீரும், இரும்பை நினைவூட்டும் ஒரு மணமும் வந்தன. கடலை மென்மையாகத்தான் இருந்தது. ஆனால் தோல் முதல் நடுப்பருப்பு வரை ஒரே உப்பு, ஒரே மென்மை. ஒன்றைத் தின்றால் எல்லாவற்றையும் தின்றது போலத்தான். பானையில் அவித்தது அப்படியில்லை. ஒன்று பொருபொருவென்று உதிர்ந்தது. மற்றொன்று பல்லுக்குச் சற்று எதிர்ப்புக் காட்டியது. உப்பு தோலில் நின்று, உள்ளே பருப்பின் இனிப்பு தனியே தெரிந்தது. வறுத்த கொட்டைகளில் உள்ளது போன்ற ஒரு மணமும் இருந்தது. எல்லாவற்றையும்விட மேலானது அவித்த தண்ணீர். அம்மா அதை ஒருநாளும் ஊற்றியதில்லை. மிளகும் உள்ளியும் தட்டிப் போட்டு இரசமாக்கிவிடுவார். பேணித் தண்ணீரை இரசமாக்கும் துணிவு எனக்கு வரவில்லை.

நேர்மையாக இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். கடுகு, செத்தல் மிளகாய், கறிவேப்பிலை, தேங்காய்ச் சொட்டு எல்லாம் போட்டுத் தாளித்த பின்னர், என் பிள்ளைகள் இருவரும் முதலில் முடித்தது பேணிக் கடலையைத்தான்.

ஏன் இந்த வேறுபாடு என்று எங்கள் கல்லூரி விஞ்ஞான ஆசிரியரிடம் கேட்டேன். அவர் சொன்னது எனக்குப் புதிதாக இருந்தது. தொழிற்சாலையில் கடலையை அவித்துப் பேணியில் போடுவதாக நான் நினைத்திருந்தேன். நடப்பது வேறு. ஊறிய கடலையைச் சுடுநீரில் சற்றே வாட்டி, உப்புநீருடன் பேணியில் இட்டு மூடிவிடுகின்றார்கள். அது அவிவது அதற்குப் பின்னர்தான். மூடிய பேணிகளை அமுக்கமுள்ள நீராவியில், ஏறத்தாழ 121 பாகை செல்சியசில் வைக்கின்றார்கள். கடலை போன்ற புளிப்பற்ற உணவில் வளரக்கூடிய நச்சுக் கிருமியின் வித்திகள் சாதாரணக் கொதிநிலையில் சாவதில்லை. அதனால்தான் அவ்வளவு வெப்பம். ஆவி வெளியேற வழியில்லை. எழுந்த மணங்கள் அத்தனையும் உள்ளேயே அடங்குகின்றன. பிறகு மாதக்கணக்காகத் தான் அவிந்த தண்ணீரிலேயே கடலை ஊறிக் கிடக்கின்றது. ஒரே உப்பு, ஒரே மென்மை என்று நான் குறை கண்டதற்குக் காரணம் இதுதான்.

இந்த வித்தையைக் கண்டவர் நிக்கலஸ் அப்பேர் என்ற பிரெஞ்சு நாட்டு இனிப்புப் பண்டக்காரர். கண்ணாடிப் போத்தல்களில் உணவை அடைத்துக் கொதிநீரில் வைத்துக் காத்தார். 1810இல் அந்நாட்டு அரசு அவருக்கு 12,000 பிராங்கு பரிசளித்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தில் பீற்றர் டியூரண்ட் தகரப்பேணிக்கு உரிமம் பெற்றார். உணவு ஏன் கெடாமல் இருக்கின்றது என்பது அப்பேருக்குத் தெரியாது. அதை விளக்க லூயி பாஸ்ரர் வரவேண்டியிருந்தது; அதற்கு அரை நூற்றாண்டு சென்றது.

ஆக, பேணிக்குள் இருப்பது கடலை மட்டுமன்று. யாரோ எங்கோ எரித்த நெருப்பும் அதற்குள் இருக்கின்றது. 2022ஆம் ஆண்டு எரிவாயுச் சிலிண்டருக்காக வரிசையில் நின்ற நாட்களில் இது எனக்கு நன்றாக உறைத்தது. வீட்டிலே கடலை இருந்தது. அதை அவிக்க நெருப்புத்தான் இல்லை.

பானைதான் எப்போதும் வெல்லும் என்று நினைத்துவிடாதீர்கள். நான் முதன்முதலாக நியமனம் பெற்றுப் போன பாடசாலையில் வாணி விழாவுக்கென்று இருபது கிலோ கடலை ஊறப்போட்டோம். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு மூட்டியாயிற்று. ஏழு மணிக்குப் பார்த்தால் கல்லு. ஒன்பது மணிக்கும் கல்லு. பூசை தொடங்கிவிட்டது, கடலை அவியவில்லை. "உன்ரை பருப்பு இஞ்சை அவியாது" என்று நாம் ஏளனமாகச் சொல்வதன் முழுப்பொருளையும் அன்றுதான் உணர்ந்தேன். சமையற்காரர் அப்பச்சோடாவை அள்ளிப் போட்டார். தோல் கழன்று கூழாயிற்று. சவர்க்கார வாடை எழுந்தது. உள்ளே பருப்பு இன்னும் முறுக்காகவே நின்றது. மாணவர் அதை மரியாதையுடன் வாங்கிக்கொண்டு போனார்கள். அடுத்த சில நாட்களுக்கு வகுப்பறைக் கூரைத் தகட்டில் கடலைமழை பெய்தது. யார் எறிந்தது என்று நான் விசாரிக்கவில்லை.

குற்றம் இரண்டு. கடலை பழையது, வெக்கையும் ஈரமுமான இடத்தில் நெடுநாள் கிடந்த பயறுவகை எளிதில் அவியாது. மற்றது கிணற்றுத் தண்ணீர். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின்மேல் கிடக்கின்றது. நம் கிணறுகள் பலவற்றின் நீர் வன்னீர், கல்சியம் மிகுந்தது. பருப்பின் கலங்களை ஒட்டிவைத்திருக்கும் பெக்ரின் என்ற பசைப்பொருளைக் கல்சியம் மேலும் இறுக்கிவிடும். உப்பிலுள்ள சோடியம் அதன் இடத்தைப் பிடித்துத் தோலை இளக்கும். ஊறவைக்கும்போதே சிறிது உப்புப் போடலாம் என்பது இதனால்தான். பழப்புளியைக் கடலை அவிந்த பிறகே சேர்க்க வேண்டும். புளிப்பும் அவிவதைத் தடுக்கும். "அந்தக் கிணத்துத் தண்ணியிலை பருப்பு நல்லா அவியும்" என்று ஊர்ப் பெண்கள் குறித்து வைத்திருந்தது வெறும் நம்பிக்கையன்று, அனுபவ இரசாயனம். இதில் வேடிக்கை என்னவென்றால், பேணிக்குள் கடலை குழைந்துபோகாதிருக்கச் சில உற்பத்தியாளர்கள் கல்சியம் குளோரைட்டை அளந்து சேர்க்கின்றார்கள். நம் கிணறு கேளாமலே செய்வதை அவர்கள் காசு கொடுத்துச் செய்கின்றார்கள்!

இலக்கிய நிகழ்ச்சியில் இரசாயனம் போதும். பத்துப்பாட்டில் பெரும்பாணாற்றுப்படை என்றொரு பாட்டு உண்டு. கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடியது. தொண்டைமான் இளந்திரையனிடம் செல்லும் பாணனுக்கு, வழியில் எந்த நிலத்தில் என்ன உணவு கிடைக்கும் என்று அதில் சொல்லப்படுகின்றது. முல்லை நிலத்தார் வரகுச் சோற்றுடன் அவரைப் புழுக்கு இட்டுத் தருவார்களாம். அந்தப் புழுக்குக்கு வேங்கைப் பூவை உவமையாக்குகிறார் புலவர். உவமையைப் பார்த்தால் அவரை விதையையே சொல்கிறார் என்று எனக்குத் தோன்றுகின்றது. அவித்தது எதுவோ அது புழுக்கு. இன்றும் நாம் பனங்கிழங்கை அவித்துக் காயவைத்துப் புழுக்கொடியல் என்கிறோம். அந்த முல்லை நிலத்துப் பெண் முன்பின் அறியாத வழிப்போக்கனுக்காக அடுப்பு மூட்டினாள் என்பதையும் கவனிக்க வேண்டும்.

அவி என்ற சொல்லையும் பாருங்கள். கடலை அவிந்தது என்றால் தன்வினை. கடலையை அவித்தாள் என்றால் பிறவினை. விளக்கு அவிந்தது என்றால் அணைந்தது. தேவர்க்கு இடும் உணவும் அவி. அது வடமொழிவழி வந்த வேறு சொல், திருக்குறளிலும் உண்டு. வகுப்பில் இவற்றை ஆண்டுதோறும் கற்பிக்கிறேன். ஆனால் தன்வினைக்கும் பிறவினைக்கும் உள்ள தூரத்தை எனக்குக் காட்டியவர் ஐந்தாம் வகுப்புவரை படித்த என் அம்மா.

1995 ஒக்ரோபர் 30ஆம் திகதி மாலை. வலிகாமத்திலிருந்து எல்லோரும் உடனே வெளியேற வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்துக்கொண்டு போனார்கள். அம்மா அடுத்த நாளைக்கென்று கடலை ஊறப்போட்டிருந்தார். எனக்கு வயது பதினாறு, தங்கைக்குப் பத்து. உடுப்புகளும் பத்திரங்களும் எடுத்த பின்னர், அம்மா அந்தக் கடலையை வடித்துத் துணியில் முடிந்து என் தோளில் மாட்டினார். மழையில், நாவற்குழிப் பாலத்தை நோக்கி அடியடியாக நகர்ந்த சனத்துக்குள் அந்த முடிச்சிலிருந்து நீர் என் முதுகில் வடிந்துகொண்டே வந்தது. இரண்டு நாள் கழித்துத் தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட விறாந்தையில் முடிச்சை அவிழ்த்தபோது கடலை முளைத்திருந்தது. பானையும் இல்லை, விறகும் இல்லை. அம்மா ஒரு பிடியை வாழையிலைத் துண்டில் வைத்து, சுவரில் மாட்டியிருந்த பிள்ளையார் படத்தின் முன் வைத்துவிட்டு, மிகுதியை எங்களுக்கும் அருகிலிருந்த பிள்ளைகளுக்கும் பகிர்ந்தார். பச்சைக் கடலையின் அந்தக் கசப்பும் இனிப்பும் எந்தப் பேணியிலும் எந்தப் பானையிலும் நான் பிறகு காணாதவை.

தங்கை தொலைபேசியில் கேட்ட அன்று இரவு, குசினியிலிருந்து திரும்பி வந்த அம்மா என் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினார். என் விரிவுரை அவர் காதில் விழுந்திருந்தது.

"பிள்ளை, கொண்ணன் சொல்லுறதை விடு. அண்டைக்குப் பள்ளிக்கூடத்திலை பச்சைக் கடலையைத்தானே பிள்ளையாருக்கு வைச்சனாங்கள். இது அவிஞ்சதுதானே. அந்தத் தண்ணியை ஊத்திப்போட்டு, கடலையை ரண்டு தரம் அலசு. புதுத்தண்ணி விட்டு, கொஞ்சம் மஞ்சள் போட்டுப் பத்து நிமிசம் நீ ஒருக்கா அவி. பிறகு தாளி."

அந்தப் பத்து நிமிடத்தில் தகரவாடை பெரும்பாலும் போய்விடுகின்றது, புதிய உப்பும் ஏறிக்கொள்கின்றது. செய்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

சென்ற வருடம் தங்கை ஊருக்கு வந்திருந்தாள். பயணப்பெட்டியில் இரண்டு கடலைப்பேணிகள். யாழ்ப்பாணத்துக்குக் கடலை கொண்டு வந்தவள் என்று எல்லோரும் சிரித்தோம். அம்மாவுக்கு இப்போது எழுபதுக்கு மேல். பற்கள் அதிகம் இல்லை. நான் அவித்த கடலையில் நாலைந்தை வாயில் போட்டுக் கடிக்க முடியாமல் துப்பிவிட்டார். தங்கை பேசாமல் எழுந்துபோய்ப் பேணியொன்றைத் திறந்து, அலசி, பத்து நிமிடம் அவித்து, தாளித்துக் கொண்டுவந்து கொடுத்தாள். அம்மா ஒரு கிண்ணம் முழுவதையும் சாப்பிட்டார். நாங்கள் இருவரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"உப்புக் காணாது" என்றார்.