கரையின் கீழே யார்?

மரக்காணத்துக்குச் செல்வோர் உப்புக் குவியல்களைப் பார்த்து வியப்பார்கள். நான் பார்க்கச் சொல்வது அவற்றின் அருகே கிடக்கும் களிமண் வரப்புகளை. முழங்கால் உயரமும் எட்டாத அவ்வரப்புகளே உவர்நீரைப் பாத்திகளில் நிறுத்தி வைக்கின்றன. நண்டு வளை தோண்டினாலும், ஐப்பசி கார்த்திகை மழை மிகுந்தாலும் அவை உடையும். 2020 நவம்பரில் நிவர் புயல் இந்தப் பக்கத்திலேதான் கரை கடந்தது. வரப்பு உடைந்தால் உப்பு கரையும், கூலி போகும். அது சிறிய இழப்பன்று. ஆயினும் வரப்பு உடைந்த வெள்ளத்தில் எவரும் மாள்வதில்லை.

இதே மண்ணைக் கொட்டித்தான் சுரங்க முதலாளிகளும் மின் நிலையத்தாரும் பெருங்கரைகளை எழுப்புகிறார்கள். அரைத்த தாதுவின் எச்சமும் நிலக்கரிச் சாம்பலும் நீரோடு கலந்து சேறாக அங்கே வந்து தேங்குகின்றன. உப்புப் பாத்தி பருவந்தோறும் வற்றும். கழிவுக் குளமோ வற்றுவதே இல்லை, ஆண்டுதோறும் வளர்கிறது. இடம் போதாதபோது கரையை உயர்த்துகிறார்கள். செலவைக் குறைக்கப் பல இடங்களில் படிந்த சேற்றின் மேலேயே புதுக் கரையை ஏற்றுகிறார்கள். சுரங்கத்தை மூடிய பின்னும் கரை நிற்கும், காப்பார்தாம் இரார்.

இத்தகைய கரைகளை இடர் நோக்கித் தரம் பிரிப்பது உலக வழக்கம். அமெரிக்காவில் தாழ்ந்தது, கணிசமானது, உயர்ந்தது என மூன்று தரங்கள் உண்டு. உடைந்தால் ஓருயிரேனும் போகக்கூடும் எனில் அது உயர்ந்த தரம். இங்கேதான் பலரும் மயங்குகிறார்கள். இத்தரம் கரையின் வலிமையைச் சொல்வதன்று. கரையின் கீழே யார் இருக்கிறார்கள் என்பதைச் சொல்வது. உறுதியான கரையும் உயர்ந்த இடர் உடையதாகலாம். காட்டு நடுவே ஒழுகும் கரை தாழ்ந்த தரத்தில் நிற்கலாம். ஆகவே கரையில் ஒரு கூடை மண்ணும் மாறாதிருக்க, அடிவாரத்தில் நாலு குடிசை எழுந்தாலே அதன் தரம் மாறிவிடுகிறது. பத்தாண்டுக்கு முன் எழுதிய தரத்தை இன்றும் நம்புவது பழைய பஞ்சாங்கத்தில் நாள் பார்ப்பதற்கு ஒப்பாகும்.

அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியாவில், பஃபலோ கிரீக் பள்ளத்தாக்கில், ஒரு நிலக்கரிக் கம்பெனியின் கழிவு அணை 1972 பிப்ரவரி 26 அன்று உடைந்து 125 பேர் மாண்டனர். அதற்கு நான்கு நாள் முன்புதான் அரசு ஆய்வாளர் ஒருவர் அதைப் பார்த்துத் திருப்தி தெரிவித்திருந்தார். 2019 ஜனவரி 25இல் பிரேசிலின் புருமாஜின்யோவில், தன் சேற்றின் மேலேயே 86 மீட்டர் வரை உயர்ந்திருந்த இரும்புச் சுரங்க அணை இடிந்து 270 பேரைக் கொன்றது. அதன் நேர் கீழே சுரங்கத்தார் தம் அலுவலகத்தையும் உணவுச்சாலையையும் வைத்திருந்தார்கள்! நம் நாட்டில், மத்தியப் பிரதேசத்துச் சிங்ரௌலி மாவட்டத்தில் தனியார் மின் நிலையம் ஒன்றின் சாம்பல் குளக் கரை 2020 ஏப்ரல் 10 அன்று உடைந்தது. சேறு குடியிருப்புக்குள் புகுந்து உயிர்களைப் பறித்தது.

நமது அணைப் பாதுகாப்புச் சட்டம் 2021இல் பிறந்தது. தனியார் கம்பெனியையும் அது அணையின் உடைமையாளராக ஏற்று, பராமரிப்புப் பொறுப்பை அவர்மேல் வைக்கிறது. 15 மீட்டருக்கு மேற்பட்ட அணைகளும், 10 மீட்டருக்கு மேற்பட்டவற்றில் சிலவும் அதன் வரம்பில் வரும். ஆனால் அணை என்றால் ஆற்றின் குறுக்கே நீரைத் தேக்கவோ திருப்பவோ கட்டியது என்று அது இலக்கணம் வகுக்கிறது. ஆறே இல்லாத மேட்டில் சாம்பற் சேற்றைச் சுற்றி எழுப்பிய கரை அதற்குள் எளிதில் அடங்காது என்பது என் கருத்து. சேறு பாயும்போது இலக்கணம் பார்த்துப் பாய்வதில்லை.

கரை பெரும்பாலும் சொல்லாமல் உடைவதில்லை. அடியில் கசியும் நீர் தெளிவாய் இருந்தால் அளவை மட்டும் கவனித்து வரலாம். கலங்கி வந்தால், உள்ளே மண் அரிக்கப்படுகிறது என்று பொருள். இதை உப்பளத் தொழிலாளி எவரும் அறிவார். நண்டு வளையில் நீர் கலங்கி வரக் கண்டதும் மண்வெட்டியோடு ஓடுவார். பெருங்கரையின் கீழே குடியிருப்பவருக்கோ கரைமேல் ஏறிப் பார்க்கவும் அனுமதி இல்லை. அக்கரைக்கு எந்தத் தரம் இட்டார்கள், எந்த ஆண்டில் இட்டார்கள் என்பதை ஊராட்சி அலுவலகச் சுவரில் தமிழில் எழுதி வைக்க எவ்வளவு செலவாகும்?