நிலத் திருத்தமும் தேசாபிமானமும்



1707ஆம் ஆண்டில் ஸ்காட்லாந்து தன் பாராளுமன்றத்தைத் துறந்து இங்கிலாந்துடன் ஒன்றாயிற்று. அரசியல் லண்டனுக்குப் போய்விட்டபின் தேசாபிமானத்துக்கு என்ன வேலை? நிலத்தைத் திருத்துவதே அவ்வேலை என்றனர் எடின்பரோவின் பிரபுக்களும் வழக்கறிஞர்களும். 1723இல் அதற்கெனவே ஒரு சங்கமும் கண்டனர். பயிர்களை மாற்றி விதைத்தல், மண்ணுக்குச் சுண்ணாம்பு இடுதல், டர்னிப், குளோவர் முதலிய தீவனப் பயிர்களை வளர்த்தல் எனப் புதுமுறைகள் பரவலாயின.

இவ்வார்வத்தின் உருவமே கேம்ஸ் பிரபு எனலாம். நீதிபதி, தத்துவ நூலாசிரியர். எண்பது வயதை எட்டிய நிலையில், 1776இல், உழவைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். அவருடைய மனைவிக்கு 1766இல் வாரிசு முறையில் வந்த பிளேர் டிரம்மண்ட் பண்ணையில், மட்கிய பாசி ஆளுயரத்துக்கு மேல் படிந்த பெருஞ்சதுப்பு ஒன்று கிடந்தது. அதன் அடியிலோ வளமான களிமண். வண்டி வைத்து அள்ளினால் கட்டுப்படியாகாது. ஆகவே கால்வாய் வெட்டி நீரை விட்டார்; வெட்டிய கட்டிகளை அந்நீரே ஃபோர்த் ஆற்றில் கொண்டுபோய்த் தள்ளிற்று. வெட்டியவர்கள், மலைநாட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த கேலிக் மொழிக் குடிகள். சுமார் 8 ஏக்கர் சதுப்பு, வீடு கட்ட மரம், தொடக்க ஆண்டுகளில் குத்தகை விலக்கு: அவர்கள் பெற்றவை இவையே.

அம்மலைநாட்டில், 1746இல் கல்லோடன் போரில் தோற்றவர்களின் நிலங்களுட் சிலவற்றை 1752ஆம் ஆண்டுச் சட்டம் அரசுடைமையாக்கிற்று. அவற்றை நிர்வகித்த கமிஷனர்களுள் கேம்ஸும் ஒருவர். உழவையும் கைத்தொழிலையும் வளர்ப்பதோடு, குடிகளை 'நாகரிகப்படுத்தி' அரச விசுவாசிகளாக்குவதும் அச்சட்டத்தின் நோக்கம். ஆங்கிலம் கற்பிக்கும் பள்ளிகள் அதற்குக் கருவியாயின.

மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நாம் 'இம்ப்ரூவ்மெண்ட்' என்ற சொல்லுக்கு 'அபிவிருத்தி' என்றெழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். அங்கோ அச்சொல் வயலுக்கும் வழங்கிற்று, மனிதருக்கும் வழங்கிற்று. கேலிக் மொழியையும் களைய வேண்டியதொன்றாகக் கருதியவர் உண்டு. பிறமொழி வழங்கும் ஊர்களில் பிள்ளைகளுக்குத் தமிழ் கற்பிக்கும் நமக்கு இதன் வலி எளிதில் விளங்கும்.

பின்னர் சர் ஜான் சின்கிளேர், பாதிரிமார்களுக்கு 160க்கு மேற்பட்ட வினாக்களை அனுப்பி, நாட்டின் மண், விளைவு, குடித்தொகை யாவற்றையும் 1791 முதல் 1799 வரை 21 தொகுதிகளாக வெளியிட்டார். ஆட்டுப் பண்ணைகளால் குடி குறைந்ததை அதிலேயே சில பாதிரிமார் எழுதியிருக்கின்றனர். சதர்லாந்தில் அடுத்த இருபதாண்டுகளில் ஆயிரக்கணக்கானோர் பள்ளத்தாக்குகளை விட்டுக் கடற்கரைக்கு வெளியேற்றப்பட்டனர். அப்பணியை ஆதரித்து, எஸ்டேட் நிர்வாகியான ஜேம்ஸ் லாக் 1820இல் வெளியிட்ட நூலின் தலைப்பிலும் அதே 'இம்ப்ரூவ்மெண்ட்' என்ற சொல்லைக் காண்கிறோம்.