பசி வராத வயிறு

திருவனந்தபுரம் சத்யா விருந்து என்றால் பாயசத்தோடு போளி. ஆனால் எடை குறைக்க இரைப்பை அறுவை செய்துகொண்டவருக்கு இலையைப் பார்த்தாலும் பசிக்காமல் போகலாம். பயப்படாதீர்கள். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோனை 1999-இல் ஜப்பானியர் கண்டறிந்தார்கள். அது அதிகம் சுரக்கும் இரைப்பையின் மேற்பகுதியையும் சேர்த்துத்தான் ஸ்லீவ் என்ற இரைப்பை அறுவையில் அகற்றுகிறார்கள்.

அதற்காகப் பட்டினி கிடக்கக் கூடாது. தசை கரையும், முடி கொட்டும். கடிகாரம் பார்த்துச் சாப்பிடுங்கள். பொதுவாக நாளுக்கு 60 கிராம் புரதமாவது வேண்டும். திட உணவுக்கு மருத்துவர் அனுமதித்ததும் முதல் வாய் மீனோ முட்டையோ வெந்த பயறோ இருக்கட்டும், கஞ்சி அப்புறம். தண்ணீரைச் சாப்பாட்டுக்கு அரைமணி தள்ளிக் குடியுங்கள்.

வீட்டிலிருப்பவர்களே, 'இன்னும் ஒரு வாய்' என்று தயவுசெய்து வற்புறுத்தாதீர்கள். வாந்தி நிற்கவில்லையென்றால் பி1 வைட்டமின் குறைந்து நரம்பு பாதிக்கப்படலாம். அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.