போஷின் தோட்டத்தில் உழைப்பவர் எங்கே?



இந்த நினைவுப் பேருரையில் ஓர் ஓவியத்தின் முன் உங்களை நிறுத்த விரும்புகிறேன். நெதர்லாந்து ஓவியர் ஹிரோனிமஸ் போஷ் 1500ஐ ஒட்டிய ஆண்டுகளில் வரைந்த ‘பூவுலக இன்பங்களின் தோட்டம்’ அது. விரித்தால் ஏறத்தாழ 4 மீட்டர் அகலம், மூன்று பலகைகள். இன்று மாட்ரிட் நகரின் பிராடோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 20ஆம் நூற்றாண்டின் சர்ரியலிஸ்டுகள் போஷைத் தம் முன்னோடியாகக் கொண்டாடினார்கள்.

இடப்பக்கம் ஏதேன்: கடவுள் ஏவாளின் கையைப் பிடித்து ஆதாமிடம் தருகிறார். வலப்பக்கம் நரகம்: இசைக்கருவிகளே அங்கே வதைக்கருவிகள். நடுவில் ஆடையற்ற மனிதக் கூட்டம். ஆளைவிடப் பெரிய பழத்தைச் சேர்ந்து தின்கிறார்கள். கறுப்புப் பெண்களும் வெள்ளைப் பெண்களும் ஒரே குளத்தில் நிற்கிறார்கள். ஆடையில்லாததால் யார் பிரபு, யார் பணியாள் என்று தெரியவில்லை.

அறிஞர்கள் பலர் இந்த நடுப்பலகையைப் பாவம் என்றும் நரகத்தை அதன் தண்டனை என்றும் படிக்கிறார்கள். போஷின் நோக்கமும் அதுவாகவே இருக்கலாம். ஆனால், பொதுக் குளத்தில் இறங்குவதே குற்றமான நாட்டிலிருந்து நாம் பார்க்கிறோம். 1927 மார்ச் 20 அன்று அம்பேத்கரும் மக்களும் மகாடு சவுதார் குளத்தில் நீர் அருந்தினார்கள். பிறகு சாதி இந்துக்கள் அந்தக் குளத்துக்குச் சடங்கு செய்து ‘தூய்மை’ ஆக்கினார்கள். எது பாவம் என்று தீர்ப்பெழுதும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது என்பதே நம் முதல் கேள்வி.

அதற்காக இந்தத் தோட்டத்தை நாம் விடுதலை பூமியாகக் கொண்டாட வேண்டியதில்லை. 1517இல் இது பிரஸ்ஸல்ஸ் நகரில் நாசாவ் பிரபுக்களின் அரண்மனையில் இருந்தது. பின்னர் ஆல்பா கோமகன் பறிமுதல் செய்தார். அதன் பிறகு ஸ்பெயின் அரசர் இரண்டாம் ஃபிலிப்பிடம் சென்றது. ஓவியத்துக்குள் கறுப்பரும் வெள்ளையரும் சேர்ந்து குளித்த அதே காலத்தில், போர்ச்சுகீசியர் ஆப்பிரிக்கரைப் பிடித்துவந்து ஐரோப்பாவில் விற்றுக்கொண்டிருந்தார்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். அத்தனை பழங்கள் இருந்தும், உழுபவர், நடுபவர் ஒருவரும் இல்லை. தோட்டத்தைப் பண்படுத்திக் காக்கவே ஆதாம் அங்கே வைக்கப்பட்டான் என்கிறது ஆதியாகமம். சாபத்துக்கு முன்பே அங்கே வேலை இருந்தது. போஷ் அதை வரையவில்லை.

சாதி உழைப்பை மட்டுமல்ல, உழைப்பாளர்களையே பிரிக்கிறது என்று ‘சாதி ஒழிப்பு’ நூலில் 1936இல் அம்பேத்கர் எழுதினார். ஆகவே, ஒரே குளத்தில் குளிப்பதோடு நம் கோரிக்கை முடிவதில்லை. குளத்தை வெட்டியவர் யார், தோட்டம் யார் பெயரில் இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். மாணவர்களே, எந்தக் கலைப்படைப்பின் முன் நின்றாலும் இந்த இரண்டு கேள்விகளையும் கொண்டுசெல்லுங்கள்.

ஜெய்பீம்.