கைப்பேசிப் படமும் கணினியும்: இணையமின்றி இயலும் வழி

(சென்னை சைதாப்பேட்டையில் ஊராட்சிச் செயலர்களும் மகளிர் குழுவினரும் கூடிய பயிற்சிக் கூட்டத்தில், வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

நாம் கூடியிருக்கும் இந்தச் சைதாப்பேட்டை அடையாற்றங்கரையில் உள்ளது. நமது துறையின் தலைமை அலுவலகம் இயங்கும் பனகல் மாளிகையும் இங்கேதான் இருக்கிறது. 2015ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை நீர் திறந்துவிடப்பட்டது. அடையாறு கரைபுரண்டு சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் முதலிய பகுதிகளில் வீடுகளுக்குள் புகுந்தது. மின்சாரம் நின்றது, பல இடங்களில் தொலைபேசியும் இணையமும் ஓய்ந்தன. 2016ஆம் ஆண்டு டிசம்பர் 12இல் வர்தா புயலும், 2023ஆம் ஆண்டு டிசம்பரில் மிக்ஜாம் புயலும் இதே பாடத்தை மீண்டும் புகட்டின. தலைநகரிலேயே இந்நிலை என்றால், கோபுரத்திற்கு எட்டாத நமது சிற்றூர்களைப் பற்றிச் சொல்லவும் வேண்டுமோ?

இடிந்த சுவர், உடைந்த சிறுபாலம், நீரில் மூழ்கிய நாற்றங்கால் ஆகியவற்றை அன்றே கைப்பேசியில் படம் எடுத்துவிடுகிறோம். நாளை உதவித் தொகை கோரும் குடியானவருக்கு அதுவே சாட்சி. அந்தச் சாட்சியைக் கணினிக்குக் கொண்டுவந்து, ஒழுங்குபடுத்தி, அச்சிட்டு மனுவுடன் சேர்க்க இணையம் வரட்டும் என்று பலர் காத்திருக்கின்றனர். காத்திருக்கத் தேவையில்லை என்பதே நாம் இன்று சொல்ல வந்தது. படம் கைப்பேசிக்குள்ளேயே இருக்கிறது. கணினி மேசைமேல் இருக்கிறது. இரண்டிற்கும் இடையே ஒரு முழக் கேபிள் போதும்.

முதல் வழி யு.எஸ்.பி. கேபிள். அதனால் கைப்பேசியைக் கணினியுடன் இணைத்து, கைப்பேசியின் பூட்டைத் திறந்து வைக்க வேண்டும். ஆண்ட்ராய்டு கைப்பேசி முதலில் மின்னேற்றம் மட்டுமே செய்யும். திரையின் மேற்பகுதியை இழுத்தால் தோன்றும் அறிவிப்பைத் தொட்டு, 'பைல் டிரான்ஸ்பர்' என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பின்னர்க் கணினியில் கைப்பேசியின் பெயர் தெரியும். அதனுள் 'டி.சி.ஐ.எம்.' என்னும் கோப்புறையும், அதற்குள் 'கேமரா' என்னும் கோப்புறையும் இருக்கும். படங்கள் அங்கே இருக்கும். ஐபோன் ஆயின், இந்தக் கணினியை நம்பலாமா என்று திரையில் கேட்கும். ஆம் என்று விடையளிக்க வேண்டும்.

கைப்பேசி தெரியவில்லை என்றால் உடனே கணினியைப் பழிக்க வேண்டா. சில கேபிள்களில் மின்னேற்றத்திற்கான கம்பிகள் மட்டுமே உண்டு; தகவல் செல்லும் கம்பிகள் இரா. வேறொரு கேபிளை மாற்றிப் பார்ப்பதே முதல் மருந்து.

இரண்டாம் வழி மெமரி கார்டு. படங்கள் கார்டில் சேமிக்கப்பட்டிருந்தால், அதைக் கழற்றிக் கார்டு ரீடரில் இட்டுக் கணினியில் செருகலாம். மூன்றாம் வழி, ஓ.டி.ஜி. வசதியுள்ள பென் டிரைவ். அதைக் கைப்பேசியில் செருகிப் படங்களை ஏற்றிக்கொண்டு, பின்னர்க் கணினியில் இறக்கலாம். கணினி வேறோர் ஊரில் இருப்பவர்க்கு இதுவே ஏற்றது.

புளூடூத்தும் உதவும், ஆனால் அது மாட்டுவண்டிப் பயணம். ஒவ்வொன்றும் 4 மெகாபைட் அளவுள்ள 100 படங்களை அனுப்ப ஏறக்குறைய அரைமணி நேரம் ஆகும். கேபிளில் ஓரிரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

வாட்ஸ்ஆப்பில் அனுப்பினால் எளிதன்றோ என்று கேட்பீர்கள். எளிதுதான், ஆயினும் இழப்பு உண்டு. வழக்கமான முறையில் அனுப்பும்போது படம் சுருக்கப்படுகிறது. எடுத்த தேதி, நேரம், இடம் பற்றிப் படக் கோப்பினுள் பதிந்துள்ள குறிப்புகளும் நீங்கிவிடுகின்றன. சாட்சிக்கு உயிர்நாடி அக்குறிப்புகளே. கேபிள் வழியாக நகலெடுத்தால் படம் எடுத்தபடியே வந்து சேரும்.

இனித் திருத்தம் பற்றி இரண்டொரு சொல். நவராத்திரிக் காலத்தில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் கொலு பொம்மைக் கடைகள் வரிசையாக அமைவதை அறிவீர்கள். தாம் செய்த பொம்மையைப் படமெடுத்து விலைப்பட்டியல் அச்சிட விரும்பும் சகோதரி, ஓரங்களை வெட்டலாம், வெளிச்சம் கூட்டலாம், பின்னணியை மாற்றலாம். 'ஜிம்ப்' என்னும் இலவச மென்பொருளை ஒருமுறை கணினியில் நிறுவிவிட்டால், அதன்பின் இணையமின்றியே இவ்வேலைகள் அனைத்தையும் செய்யலாம். ஐபோன் படம் கணினியில் திறக்கவில்லை என்றால், அதன் கேமரா அமைப்பில் 'மோஸ்ட் கம்பாட்டிபிள்' என்பதை முன்னதாகவே தேர்ந்தெடுத்து வைத்தால், அடுத்து எடுக்கும் படங்கள் ஜேபெக் வடிவில் அமையும்.

ஆனால் சேதத்தின் படத்தை அவ்வாறு ஒப்பனை செய்தல் ஆகாது. அதில் வெளிச்சத்தைச் சீராக்கலாம். அதற்கு மேல் கைவைத்தால் உண்மையும் ஐயத்திற்குள்ளாகும். எதுவாயினும் மூலப் படத்தைத் தொடாமல், நகலிலேயே திருத்த வேண்டும். ஜேபெக் படத்தைத் திருத்தித் திருத்திச் சேமித்தால் ஒவ்வொரு முறையும் சிறிது தெளிவு குறையும் என்பதையும் நினைவிற்கொள்க.

மேலும் மூன்று பழக்கங்களை மேற்கொள்ளுங்கள். படங்களை 'வெட்டி' எடுக்காமல் 'நகல்' எடுங்கள். இடையில் கேபிள் கழன்றாலும் மூலம் தப்பும். ஊர்ப் பெயரும் தேதியும் இட்ட கோப்புறையில் வையுங்கள். பென் டிரைவில் மற்றொரு நகல் எடுத்து, வேறிடத்தில் வையுங்கள். அதைப் பிடுங்குமுன் முறைப்படி விடுவியுங்கள். கணினியில் படங்கள் திறக்கின்றனவா என்று பார்த்த பின்னரே கைப்பேசியில் உள்ளவற்றை அழிக்கலாம்.

2015 வெள்ளத்தில் குடும்ப அட்டையும் பட்டாவும் பள்ளிச் சான்றிதழும் இழந்தோர் பலர். அவற்றிற்கு நகல் வழங்க அரசு சிறப்பு முகாம்களை நடத்தியது. அத்தகைய முகாமிற்கு வெறுங்கையுடன் வருபவருக்கும், சான்றிதழின் எண் தெரியும் படத்துடன் வருபவருக்கும் உள்ள வேறுபாட்டை எண்ணிப் பாருங்கள். வெள்ளம் வருமுன் அணை போடுவது அறிவுடைமை. ஆகவே, ஊர் திரும்பியதும் உங்கள் ஊராட்சியில் பத்துக் குடும்பங்களேனும் தம் ஆவணங்களைப் படமெடுத்து, நகலைப் பென் டிரைவில் பத்திரப்படுத்தச் செய்யுங்கள். அது பிறர் கைக்குப் போகாமல் அவரவர் வீட்டிலேயே இருக்கட்டும். அடுத்த வடகிழக்குப் பருவமழைக்கு முன் இதை முடித்துவிட்டால், இன்றைய பயிற்சி பயன் தந்தது என்று நாம் மகிழலாம்.